அண்ணை றைற்: வடமராட்சி பஸ்ஸில் நாலு நாள்

2025 பெப்ரவரி 24, திங்கள். யாழ்ப்பாண நகர்

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்ன கதை இல்லை. காலை ஆறரைக்கும் தெருவில் பஸ்ஸின் விளக்கு மட்டும் வருகிறது, பஸ் பிறகுதான் வருகிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பத்து இடியப்பம், சொதி, சம்பல், ஒரு பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) எல்லாமாக 260 ரூபா. இடியப்பம் பஞ்சு. சம்பல் நல்ல சிவப்பு, ஆனால் அதற்குள் தேங்காயைத் தேடவேண்டியிருந்தது. ஒரு தேங்காய் இருநூறு ரூபாவைத் தொட்டு நிற்கிற காலம் இது. பக்கத்து மேசைக்காரர், "தம்பி, சம்பலுக்குத் தேங்காய் போட்டனியளோ?" என்று கேட்டார். பரிமாறுகிற பொடியன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "காட்டினனாங்கள் ஐயா."

அந்த நேரம் பார்த்து மின்விசிறி ஒருதரம் தயங்கித் திரும்பச் சுற்றியது. குசினிக்குள் இருந்து ஒரு குரல்: "குரங்கு வந்திட்டுதாக்கும்." கடை முழுக்கச் சிரிப்பு. இந்த மாதம் 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால்தான் நாடே இருண்டது என்று அமைச்சரே சொல்லிவிட்டார். அதன்பிறகு இலங்கையில் எந்த மின்குமிழ் கண் சிமிட்டினாலும் பழி குரங்குக்குத்தான்.

சொன்னவர் சிரிக்கமாட்டார், கேட்டவர் சிரிப்பார். யாழ்ப்பாணப் பகிடியின் இலக்கணம் இவ்வளவுதான். அதை மேடைக்குக் கொண்டுபோனவர்களில் முன்வரிசைக்காரர் கே. எஸ். பாலச்சந்திரன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியில், கரவெட்டியில் 1944இல் பிறந்தவர், கனடாவில் 2014 பெப்ரவரி 26 அன்று காலமானவர். நாளை மறுநாள் பதினொரு வருடம். 'அண்ணை றைற்' அவருடைய தனிநடிப்பு: ஒரு பஸ் கொண்டக்டர், அவரிடம் அகப்பட்ட சனம், எல்லோருக்கும் ஒரே வாய். மேடையில் பார்த்தவர்களைவிட ஒலிநாடாவில் கேட்டவர்கள்தான் கூட இருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்காத வீடு இருந்தால் அந்த வீட்டில் றேடியோ இருந்திருக்காது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 'றைற்' என்பதை 'ரைட்' என்று வாசியுங்கள். ஈழத்து எழுத்தில் ஆங்கிலச் சொல்லின் கடைசி 'ட்' ஓசைக்கு 'ற்' போடுவது வழக்கம், 'ரிக்கெற்' (டிக்கெட்), 'சேர்ட்டிபிக்கெற்' (சர்டிபிகேட்) எல்லாம் அப்படித்தான். தலைப்பை 'அண்ணே ரைட்' என்று மாற்றி எழுதினால் அந்த பஸ் மதுரைக்குப் போய்விடும்.

இந்தப் பயணத்துக்கு ஒரே வேலைதான். அந்தத் தனிநடிப்பில் கேட்கிற கூப்பாடும் மரியாதையும் சண்டையும் இன்றைக்கு ஓடுகிற பஸ்ஸில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது.

நகரத்தில் அவரைத் தேடினால் என்ன அகப்படும்? ஒரு ஒலித்தட்டுக் கடை, அதுவும் இப்போது பாதி கைப்பேசி உறை விற்கிற கடை. முதலில் பெயரைச் சொன்னபோது பொடியன், "எந்தப் பாலச்சந்திரன்?" என்றான். 'அண்ணை றைற்' என்றதும் முகம் மலர்ந்தது. "அதோ! அது யூரியூப்பிலை கிடக்கு. சீடியெல்லாம் இப்ப ஆர் வாங்கினம்?" நடித்தவரின் பெயர் போய்விட்டது, ஆக்கம் நிற்கிறது. ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்று ஒருபக்கம் தோன்றும், இதைவிடக் கொடுமை இல்லை என்று மறுபக்கம்.

பின்னேரம் வீரசிங்கம் மண்டபப் பக்கம் நடை. நகரத்து மேடை நிகழ்ச்சிகளில் பாதியாவது இந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்திருக்கும். இங்கே ஒரு மனக்குறை. யாழ்ப்பாண நாடக வரலாறு என்று எழுதப்படுவதில் கூத்து வரும், இசைநாடக நடிகர் வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டம் வரும், 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி வரும். வரவேண்டியவைதான். நகைச்சுவைக்காரர் வந்தால் கடைசிப் பந்தியில் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவார். சிரிக்க வைத்தவனை நாங்கள் கலைஞன் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுகிறோம். பகிடிக்காரன் என்று சொல்லிவிட்டு நாலு தலைமுறை அவன் பேச்சையே பேசுவோம்.

பெப்ரவரி 25, செவ்வாய். 750

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 750ஆம் இலக்க பஸ். நல்லூர், இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், வல்லை, நெல்லியடி, பருத்தித்துறை. முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். சிவப்பு நிற இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் ஓடுகிறது, தனியார் பஸ்ஸும் ஓடுகிறது. பார்க்கவேண்டியது தனியார் பஸ்ஸை. சம்பளம் நிச்சயமான இடத்தில் கொண்டக்டர் பேசுகிற பேச்சு வேறு, ஒவ்வொரு தலைக்கும் காசு எண்ணுகிற இடத்தில் பேசுகிற பேச்சு வேறு.

எட்டேகாலுக்கு ஏறினால் கோப்பாய் மட்டும் பஸ் தவழ்கிறது. மாட்டுவண்டிக்காரன் இருந்தால் முந்திப் போயிருப்பான். காரணம் எளிது. முன்னால் போன பஸ் அள்ளாமல் விட்ட சனத்தை அள்ளவேண்டும், அதற்குள் பின்னால் வருகிற பஸ்ஸும் தெரிந்துவிடக்கூடாது. கோப்பாய் தாண்டியதும் கண்ணாடியில் அடுத்த பஸ்ஸின் மூக்குத் தெரிந்தது. அதன்பிறகு பறப்பு. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நேரக் கணக்குப் பார்க்கிறவர் இருக்கிறார், பிந்தினால் அவரோடு ஒரு சண்டை, முந்தினால் முன் பஸ்காரனோடு ஒரு சண்டை. சாரதியின் பாதி மூளை வீதியிலும் பாதி மணிக்கூட்டிலும்.

கொண்டக்டருக்கு இருபத்தைந்து வயதுக்குள். இடது கையை மேல்கம்பியில் கொளுவியபடியே அந்தக் கை விரல் இடுக்குகளில் தாள்களை நீளவாக்கில் மடித்துச் செருகியிருந்தார். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நூறு, அடுத்த இடுக்கில் ஐம்பது, அதற்கடுத்ததில் இருபது. ஐந்நூறும் ஆயிரமும் உடனே சேட்டுப் பைக்குள். சில்லறை வலது உள்ளங்கையில், பெருவிரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார், பார்ப்பதே இல்லை. இந்த ஒழுங்கு குழம்பினால் ஒரு தரிப்பிடத்துக்குள் பத்துப் பேரிடம் காசு வாங்க ஏலாது. மேடையில் கொண்டக்டர் வேடம் போடுகிற பலர் தோளில் ஒரு பையைக் கொளுவிக்கொண்டு அதற்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். அங்கேயே பஸ் நின்றுவிடுகிறது.

அவர் கூப்பிடுகிற முறையைக் குறித்துவைக்கப் பஸ்ரிக்கெற் ஒன்று போதவில்லை. வயதான பெண் என்றால் "அம்மா", இன்னும் வயது கூடினால் "ஆச்சி". வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளை "தங்கச்சி". காதோரம் நரைத்த ஆண் "ஐயா". சேலை உடுத்துக் கைப்பையோடு யார் ஏறினாலும் "ரீச்சர்", அவர் வங்கியில் வேலை செய்தாலும் சரி. நீர்வேலியில் வாழைக்குலையோடு ஏறிய ஒருவருக்கு மட்டும் முறை இல்லை: "குலை! பின்னுக்குப் போங்கோ." ஆளுக்குப் பதிலாகச் சரக்கைக் கூப்பிடுவது. குலைக்காரரும் கோபிக்கவில்லை, "குலை வரும், நான் இதிலை நிக்கிறன்" என்றார். பாலச்சந்திரன் இருந்தால் இதை மட்டும் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டியிருப்பார்.

ஆனால் ஒரு சொல் வரவில்லை. இருபாலையிலும் இல்லை, நீர்வேலியிலும் இல்லை, புத்தூரிலும் இல்லை. 'அண்ணை' இல்லை. 'றைற்' இருந்தது, அதுவும் இரண்டு மூன்று தரம்தான். மற்ற நேரமெல்லாம் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி. இல்லாவிட்டால் ஒரு விசில். சாரதியை அவர் கூப்பிட்டதே ஒருதரம்தான், அதுவும் "மச்சான்" என்று. இரண்டு பேருக்கும் ஒரே வயது. போதாததற்குப் பின்னால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அடித்துக்கொண்டிருந்தது, அதற்கு மேலால் எந்தத் தொண்டையும் கேட்காது, தகரம்தான் கேட்கும்.

அந்தக் கூப்பாடு ஏன் அப்படி அமைந்தது என்று இங்கேதான் விளங்குகிறது. பழைய பஸ்ஸில் எஞ்சின் சாரதிக்குப் பக்கத்திலேயே உறுமும். 'றைற்' என்று மட்டும் சொன்னால் வெட்டுப்பட்ட ஓசை அந்த இரைச்சலில் விழுந்து போகும். முதலில் 'அண்ணை' என்று ஐகாரத்தை இழுத்தால் சாரதியின் காது திரும்பும், திரும்பிய காதில் 'றைற்' என்று சுத்தியலால் அடித்தாற்போலப் போடலாம். மரியாதைக்கு மரியாதை, ஒலிக்கு ஒலி. சாரதி மூத்தவர், கொண்டக்டர் இளையவர், வண்டி எப்போது நகரவேண்டும் என்று தீர்மானிப்பது மட்டும் இளையவர். இந்தச் சின்ன முரண் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் தலைப்பைச் சொன்னாலே சிரிப்பு வந்தது.

வல்லை வெளி வந்ததும் எல்லா யன்னலும் ஒரே நேரத்தில் சத்தம் போடத் தொடங்கின. வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவில் மரம் மட்டை இல்லாத உவர்நிலம், காற்றுக்குத் தடை இல்லை. தொண்டைமானாற்று நீரேரியின் உப்பு உதட்டில் ஒட்டுகிறது. 1978இல் வந்த 'வாடைக்காற்று' என்ற இலங்கைப் படத்திலும் பாலச்சந்திரன் நடித்தார். பகிடி மட்டும்தான் அவருக்கு வரும் என்று நினைக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல மறுமொழி 'தணியாத தாகம்'. சில்லையூர் செல்வராசன் எழுதிய அந்த வானொலித் தொடரில் இவர் சோமு. அழவைத்த நாடகம். வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்து கண்ணைத் துடைத்த அதே வீடுகள்தான் கொண்டக்டரைக் கேட்டு வயிற்றையும் பிடித்தன. ஒலிவாங்கிக்கு முன்னால் நடித்துப் பழகியவருக்கு முகமும் உடுப்பும் இல்லாமல் ஒரு ஆளைக் குரலால் நிறுத்தத் தெரியும். தனிநடிப்புக்கு அதுதான் மூலதனம்.

நெல்லியடியில் இறக்கம். இங்கேதான் சிறு நட்டம். நகரத்தில் ஏறும்போது கொடுத்தது ஐந்நூறு ரூபாத் தாள். "மிச்சம் பிறகு தாறன் ஐயா." கோப்பாயில் நினைவூட்ட, "இருக்கு இருக்கு." புத்தூரில், "சில்லறை சேரட்டும்." நெல்லியடியில் இறங்குகிற அவதியில் கால் தரையில் பட்டதும் பஸ் போய்விட்டது. மிச்சம் முந்நூற்றைம்பதும் பருத்தித்துறைக்குப் போய்விட்டது. 750இல் காலையில் ஏறுகிறவர்கள் நூறு ரூபாத் தாள் இரண்டையாவது கையில் வைத்திருங்கள். கொண்டக்டரிடம் களவு இல்லை, முதல் ஓட்டத்தில் சில்லறை இல்லை, இரண்டாம் ஓட்டத்தில் நீங்கள் இல்லை.

நெல்லியடிச் சந்தையில் மரக்கறிச் சோறு 380 ரூபா. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பருப்பு, பொரித்த மிளகாய், ரசம். சோறு வெள்ளை. சிவப்பு அரிசி கேட்டதற்குக் கடைக்காரம்மா, "அது இப்ப போயா மாதிரி அம்மாவாசை மாதிரித்தான் வரும்" என்றார்.

பெப்ரவரி 26, புதன். கரவெட்டி, சிவராத்திரி

நினைவு நாளும் சிவராத்திரியும் ஒன்றாக விழுந்தது தற்செயல். பயணத்துக்கு அது வசதியும் இல்லை. அரச விடுமுறை, பஸ் குறைவு. கடைகளில் பாதி பூட்டு, திறந்த கடையிலும் அடுப்பு எரியவில்லை, ஊரே விரதம். காலையில் அகப்பட்டது ஒரு பிளேன்ரீ, ஐம்பது ரூபா, கூடவே ஒரு பார்வை: 'விரதமில்லையோ?' மத்தியானத்துக்கு இரண்டு இதரை வாழைப்பழம். அதோடு சரி.

நெல்லியடிச் சந்தியிலிருந்து கரவெட்டிக்கு ஓட்டோ 250 ரூபா. பனைகளுக்கு நடுவே ஒழுங்கைகள், இரண்டு பக்கமும் வேலி, சில இடத்தில் கிடுகு, பல இடத்தில் இப்போது தகரம். முற்றங்களில் ஓலைப் பாயில் ஒடியல் காய்கிறது. பனங்கிழங்கை இரண்டாகக் கிழித்து, நடுவில் இருக்கிற தும்பை உருவி எறிந்து, வெயிலில் போடுவார்கள். பச்சையாகக் காய்ந்தால் ஒடியல், அவித்துக் காய்ந்தால் புழுக்கொடியல். பனி ஈரத்தில் இரவு எடுக்க மறந்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். ஒரு ஆச்சி நாலு துண்டு புழுக்கொடியல் தந்தார், "விரதமெண்டால் நாளைக்குச் சாப்பிடும்" என்ற கட்டளையோடு. காசு வாங்கவில்லை.

பேராசிரியர் கா. சிவத்தம்பியும் இந்த ஊர்தான். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' என்ற வானொலி நாடகத்தில் நடித்தவர் அவர், பிறகு நாடகத்தை ஆராய்ந்தவர். ஒரே மண்ணில் ஒருவர் ஆராய்ச்சிக்கும் ஒருவர் பகிடிக்கும் போனார்கள் என்று சொல்வது அழகாக இருக்கும், உண்மை அவ்வளவு நேராக இல்லை. சிவத்தம்பியின் பேச்சில் பகிடி நிறைய, பாலச்சந்திரனின் பகிடியில் ஆராய்ச்சி நிறைய.

ஓட்டோக்காரர் பாலச்சந்திரனின் வீடு காட்டட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றாயிற்று. நகைச்சுவை நடிகரின் வீட்டு வாசலில் நின்று 'உள்ளே சிரித்தாரா, சிடுசிடுத்தாரா' என்று விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு எல்லா நடிகர்மேலும் உண்டு. அவருடைய அந்தரங்கத்தில் மற்றவர்களுக்கு உரிய பங்கை அவரே எழுதி வைத்திருக்கிறார், நினைவுகளாகவும் நாவலாகவும். மிச்சம் குடும்பத்துக்குரியது. வெளியே தெரிந்த அளவே போதுமானது: பகிடியால் பெயர் எடுத்தவர், எழுதக் குந்தினால் கடலுக்குப் போகிறவனின் துயரத்தை எழுதியவர், பிறந்த ஊரிலிருந்து பன்னிரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் பனிக்குள் இருந்தபோதும் வாயில் வடமராட்சிப் பேச்சை வைத்திருந்தவர்.

இரவு ஒன்பதுக்குப் பிறகு கோயில் வெளிவீதி நிறைந்தது. நாலு யாமப் பூசை, நடுவில் சனம் கண் அயராமல் இருக்க மேடை. முன்பு சிவராத்திரிக்கு நகரத்துத் தியேட்டர்கள் விடிய விடிய படம் ஓட்டும், ஊருக்குள் கோயிலும் சனசமூக நிலையமும்தான். நடனம், வில்லுப்பாட்டு, பட்டிமன்றம். பத்தரைக்கு அறிவிப்பாளர் சொன்னார்: "அடுத்ததாக ஒரு அண்ணை றைற்."

ஒரு அண்ணை றைற்! ஒரு வில்லுப்பாட்டு, ஒரு கோலாட்டம் என்பது போல. ஒரு ஆக்கத்தின் பெயர் வகைப் பெயராகிவிட்டது. ஆக்கியவரின் நினைவு நாள் இன்று என்று அறிவிப்பாளருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

பதினாலு வயதிருக்கும் பொடியனுக்கு. நல்ல தொண்டை, பயமே இல்லை. இருந்தும் நாலாம் நிமிடத்தில் சனம் பானக்கம் எடுக்க எழும்பிவிட்டது. ஏன் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாப் பள்ளிக்கூட மேடையிலும் இதே பிழைதான் நடக்கிறது.

முதலாவது, திசை. இலங்கை பஸ்ஸில் சாரதி வலப்பக்கம், ஏறுகிற வாசல் இடப்பக்கம். நடிகர் சபையைப் பஸ்ஸின் முன்பக்கமாக எடுத்துக்கொண்டால், சாரதி எப்போதும் அவருடைய வலது முன் மூலையில் இருக்கவேண்டும். ஆச்சி இடது பக்கம் தாழ்வாக, வாசலில் தொங்குகிற இளைஞர் தோளுக்குப் பின்னால். ஒருதரம் வைத்த இடம் கடைசிவரை அதே இடம். பொடியன் முதல் 'அண்ணை'யை வலப்பக்கம் கூப்பிட்டான், இரண்டாவதை இடப்பக்கம். சாரதி வாசலால் இறங்கிப் போனமாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது, ஒலிவாங்கி. ஒற்றைக் கம்பியில் நிறுத்திய ஒலிவாங்கிக்கு முன்னால் ஆள் மாறும்போது முழு உடம்பையும் திருப்பினால் பாதி வசனம் காற்றில் போகும். நாடியை மட்டும் கால்வாசி திருப்பவேண்டும், கண் மட்டும் முழுதாகத் திரும்பவேண்டும். சபை கண்ணைத்தான் பார்க்கிறது.

மூன்றாவது, குரலின் எண்ணிக்கை. அவன் ஒன்பது பேரைக் கொண்டுவந்தான். ஐந்து, மிஞ்சினால் ஆறு. அதற்கு மேல் எந்தத் தொண்டையிலும் வித்தியாசம் நிற்காது. வித்தியாசத்தைச் சுருதியில் தேடினால் ஆச்சியும் பிள்ளையும் ஒன்றாகிவிடுவார்கள். நடையில் தேடவேண்டும். ஆச்சி சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குவார், கந்தோர்க்காரர் வசனத்தை முடிக்கும்வரை மூச்சே விடமாட்டார், கொண்டக்டர் வினைச்சொல்லிலிருந்து தொடங்குவார்.

நாலாவதுதான் விசித்திரம். பொடியன் சில இடங்களில் காரணமில்லாமல் நின்றான். இரண்டு விநாடி, மூன்று விநாடி, சபை அமைதியாக இருக்க அவனும் அமைதியாக. பிறகு பொறி தட்டியது. இவன் பழைய ஒலிப்பதிவிலிருந்து பாடமாக்கியிருக்கிறான், அதில் சனம் சிரித்த இடைவெளிகளையும் சேர்த்து! எங்கேயோ, எந்த ஆண்டிலோ, யாரோ சிரித்த சிரிப்புக்கு இவன் கரவெட்டியில் காத்துக்கொண்டு நின்றான். சபை சிரிக்கும்போது நிற்பதுதான் விதி, அதுவும் சிரிப்பு ஓயும்வரை அல்ல, இறங்கத் தொடங்கும்வரை. சிரிப்பு அடங்கிய பிறகு பேசினால் பஸ்ஸைத் திரும்பத் தள்ளி எழுப்பவேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் அவன் வென்றான். ஒலிபெருக்கி கூவென்று இரைந்தது. அவன் அதைப் பார்த்து, "ஆச்சி, கோழியைச் சீற்றுக்குக் கீழை வையணை" என்றான். பதிவில் இருந்திருக்க முடியாத வசனம். கோயில் வெளிவீதி குலுங்கியது. பானக்கத்துக்குப் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இலிங்கோற்பவ பூசை முடிய ஒரு மணிக்கு மேல். பனி கம்பளிக்குள்ளும் இறங்கியது. விடிய நாலரைக்குச் சுடச்சுடக் கடலையும் கோப்பியும் தந்தார்கள்.

பெப்ரவரி 27, வியாழன். பருத்தித்துறை

நித்திரை இல்லாத கண்ணுக்குப் பருத்தித்துறை வெயில் கொடுமை. தும்பளைப் பக்கமாகப் போகிற வீதியில் தெருமூடி மடம் மட்டும் நிழல் தந்தது. வீதிக்கு மேலேயே கல்தூண் நாட்டிக் கூரை போட்ட மடம், இரண்டு பக்கமும் திண்ணை. அரைமணி நேரம் அதில் சரிந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, மடம் கட்டியதே அதற்குத்தான்.

வடை வாங்காமல் இந்த ஊரை விட்டால் வீட்டுக்குப் போக ஏலாது. பருத்தித்துறை வடை பருத்த வடை அல்ல, தட்டை. ஊறவைத்த உளுந்து, கோதுமை மா, இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு. உளுந்தை அரைப்பதில்லை, முழுசாக மாவுக்குள் பிசைவது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இறுக்கமாகப் பிசையவேண்டும், இளகினால் எண்ணெய் குடிக்கும். தேசிக்காயளவு உருட்டி, எண்ணெய் தடவிய தாளில் விரலால் தட்டி, இடைச்சூட்டில் பொரிப்பது. தீ கூடினால் விளிம்பு கருகி நடுவில் ஈரம் நிற்கும், அந்த ஈரம் மூன்றாம் நாள் சிக்குமணத்தைக் கொண்டுவரும். சரியாகப் பொரிந்ததைக் காற்றுப் புகாமல் கட்டினால் இரண்டு கிழமைக்கும் மொறுமொறு. வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளில் உடுப்புக்கு முதல் இதுதான் ஏறும். பத்து வடைப் பொதி 250 ரூபா.

கடற்கரையில் வெளிச்சவீட்டைத் தூர நின்று பார்த்ததோடு சரி. பைபர் படகுகள் கரையேறி முடிந்திருந்தன, வலையில் சிக்கிய கழிவை இரண்டு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுமரம் ஒன்றே ஒன்று, கவிழ்த்துக் கிடந்தது. 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்று பாலச்சந்திரன் தன் நாவலுக்குப் பெயர் வைத்தார், கடலோடிகளின் வாழ்க்கை அது. அதைப் படித்துவிட்டு அண்ணை றைற்றைக் கேட்டால் இரண்டும் ஒரே காதால் எழுதப்பட்டவை என்று பிடிபடும். யார் எவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் இரண்டிலும் கதை நகர்கிறது. இந்தக் காது வடமராட்சிக்குப் புதிதில்லை. புலோலிக்காரரான பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் 'நானாடகம்' என்று நாலு நாடகங்களை அச்சேற்றியவர். இந்த மண்ணில் பேச்சைப் பேச்சாகவே எழுதுவதற்கு ஒரு பரம்பரை உண்டு. பஸ்ஸுக்குள் கொண்டுவந்தவர் பாலச்சந்திரன்.

மூன்றரை மணி 750. இந்தமுறை கையில் சரியான சில்லறை, ஆனால் கொண்டக்டர் வேறு ஆள். புத்தூரில் ஒரு வெங்காய மூட்டை ஏறியது. மூட்டைக்குத் தனிக் காசு என்றார் கொண்டக்டர். மடியில் வைத்திருந்தால் மூட்டையும் பிள்ளைமாதிரித்தானே என்றார் மூட்டைக்காரர். "பிள்ளைக்கும் அஞ்சு வயது தாண்டினால் காசு, ஐயா." "இது போன மாதம் கிண்டினது." வாதம் முடிகிற வழியாக இல்லை. ஏறவேண்டியவர்கள் ஏறி, இறங்கவேண்டியவர்கள் இறங்கி, பஸ் சும்மா நின்று உறுமியது. பாட்டும் முடிந்திருந்தது. சாரதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டு தகரத்தில் விழவேண்டிய அடிக்காகக் காத்திருந்தார்.

அப்போது பின்பக்கத்திலிருந்து, யாரோ ஒரு முதிர்ந்த தொண்டை, ஐகாரத்தை ஆறுதலாக இழுத்து, ஒரு மூச்சு விட்டு:

"அண்ணை… றைற்!"

சாரதியின் கால் தன்பாட்டில் கிளச்சை விட்டது. பஸ் குலுக்கிக்கொண்டு கிளம்பியது, மூட்டை மடியிலிருந்து உருண்டது, கொண்டக்டர் கம்பியைப் பிடித்துத் தப்பினார். "ஆரது?" என்று திரும்பிப் பார்த்தார். கடைசி சீற்றில் ஆறு பேர். ஆறு பேரும் யன்னலுக்கு வெளியே புகையிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.